குடியேறியோரின் பொருளாதாரம்: வியட்நாமியரும் ஜிம்பாப்வேயரும்



தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு, மாணவர்களிடம் பாடம் கேட்கும் வாய்ப்பும் அவ்வப்போது கிடைப்பதுண்டு. இன்றைய உரை அப்படி ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது.

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள், திரங்கானுக் கரைக்கு அப்பால் இருக்கும் பீடோங் தீவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். படகேறித் தப்பி வந்த வியட்நாமிய அகதிகள் அத்தீவில் தங்கியிருந்ததையும், பின்னர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று கடையும் வீடுமாக வாழ்வதையும் விவரித்தோம். ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தால் முடிவில் ஒரு நீதியையும் சேர்த்துக்கொண்டோம். "பார்த்தீர்களா? உழைத்தார்கள், உயர்ந்தார்கள். உழைக்கிறவன் ஏழையாக இருக்க மாட்டான்" என்றோம்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, என் அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிறார். நாங்கள் ஏழைதான். அப்படியானால் அம்மா உழைக்கவில்லையா?" என்று கேட்டான். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. மணி அடித்ததும் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

நேயர்களே, "அந்த இனத்தார் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள், இந்த இனத்தார் எங்கே போனாலும் உருப்பட மாட்டார்கள்" என்ற பேச்சை நாம் கடைவீதியிலும் கேட்கிறோம். ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். இப்பேச்சு மெய்தானா? ஓர் இனத்தின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சோதிக்க முடியாது. ஆகவே, வியட்நாமியரோடு மற்றொரு மக்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜிம்பாப்வே நாட்டிலிருந்து வெளியேறியவர்களை அதற்கென எடுத்துக்கொள்வோம்.

முதலில், இவ்விரு மக்களும் ஏன் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள் என்று பார்ப்போம்.

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. வியட்நாம் போர் முடிந்தது. தென் வியட்நாமிய அரசிலும் படையிலும் பணியாற்றியவர்கள், அமெரிக்கரோடு வேலை செய்தவர்கள் முதலில் வெளியேறினார்கள். அவ்வாண்டில் மட்டும் சுமார் 1,30,000 பேர் அமெரிக்கா சேர்ந்தனர். பிறகு 1978, 1979ஆம் ஆண்டுகளில் பெருங்கூட்டமாகப் படகு மக்கள் கடலில் இறங்கினார்கள். அவர்களுள் மீனவர், விவசாயி, சிறுகடைக்காரர், சீன வம்சாவளியினர் எனப் பலரும் இருந்தனர். நம் நாட்டுக் கரைக்கு மட்டும் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். 1978 ஆகஸ்டில் முகாமாகத் திறக்கப்பட்ட பீடோங் தீவில், ஓராண்டுக்குள் 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். தீவின் பரப்போ ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர்தான். கரையேற விடாமல் கடலுக்கே திருப்பி இழுத்துச் செல்லப்பட்ட படகுகளும் உண்டு. 1991ஆம் ஆண்டில் அம்முகாம் மூடப்பட்டது.

ஜிம்பாப்வேயின் கதை வேறு. 1980ஆம் ஆண்டு விடுதலை பெற்ற அந்நாடு, கல்வியில் ஆப்பிரிக்காவிற்கே முன்மாதிரியாக விளங்கியது. ஆங்கிலம் பள்ளி மொழியாக இருந்தது. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. படித்த தாதியர், ஆசிரியர், கணக்காளர் பெருகினர். ஆனால் 1997ஆம் ஆண்டு நாணய மதிப்பு சரியத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் பெரும் பண்ணைகள் கைப்பற்றப்பட்டன, விளைச்சல் விழுந்தது, பண்ணைத் தொழிலாளர் பலர் வேலையும் வீடும் இழந்தனர். அரசியல் வன்முறையும் வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு நகர்ப்புறக் குடிசைகளையும் சிறுகடைகளையும் அரசு இடித்துத் தள்ளியதில், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் ஏழு இலட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர். 2008 ஜூலையில் பணவீக்கம் ஆண்டுக்கு 23 கோடி விழுக்காட்டையும் தாண்டிவிட்டதாக அரசே அறிவித்தது. 2009 ஜனவரியில் அச்சிட்ட ஒரு நோட்டில், ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழியங்கள் இருந்தன. ஆசிரியரின் மாதச் சம்பளம் பள்ளிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்திற்கும் காணவில்லை. பல ஆயிரம் ஆசிரியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நம்மைப் போல் கரும்பலகையின் முன் நின்றவர்கள் அவர்கள் என்பதால், இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது.

ஒரு மக்கள் போரினால் புறப்பட்டனர். மற்றொரு மக்கள் பணம் செத்ததனால் புறப்பட்டனர். இனி, இவர்கள் சென்ற நாடுகளில் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அவன் சாப்பிட்டு வந்தானா, நடந்து வந்தானா, வீட்டில் விளக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்" என்பார். குடியேறியவர்களின் வருமானத்தைப் பார்ப்பதற்கும் இந்த முறையே பொருந்தும். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்போம். அவர்கள் கையில் என்ன கொண்டு வந்தார்கள்? எந்த வாசல் வழியாக உள்ளே விடப்பட்டார்கள்? விட்டு வந்த ஊருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது?

முதல் கேள்வி, கையில் கொண்டு வந்தது.

ஆஸ்திரேலியாவில் இரு மக்களும் வாழ்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வியட்நாமில் பிறந்தவர்கள் அங்கே சுமார் 2 இலட்சத்து 58 ஆயிரம் பேர். ஜிம்பாப்வேயில் பிறந்தவர்கள் அதில் ஒரு சிறு பங்கே. ஆனால் ஒரு தனி ஆளின் வார வருமானத்தைப் பார்த்தால், ஜிம்பாப்வேயில் பிறந்தோரின் நடுநிலை வருமானம் நாட்டின் அளவைவிடக் கூடுதல்; வியட்நாமில் பிறந்தோருடையது நாட்டின் அளவைவிடக் குறைவு.

இதைக் கேட்டதும், "அப்படியானால் ஜிம்பாப்வேயர்தாம் கெட்டிக்காரர்கள்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஜிம்பாப்வேயர் பலர் ஆங்கிலம் பேசிக்கொண்டு, சான்றிதழோடு, தாதியாகவும் பொறியாளராகவும் கணக்காளராகவும் விசா பெற்று விமானத்தில் வந்து இறங்கினார்கள். அந்நாட்டில் பிறந்த வெள்ளையரும் இக்கணக்கில் அடங்குவர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. வியட்நாமியர் பலரோ மொழி தெரியாமல், படகில் உடுத்தியிருந்த துணியோடு வந்தார்கள். மெல்போர்னிலும் சிட்னியிலும் வாகனத் தொழிற்சாலைகளில் நின்றார்கள். பெண்கள் வீட்டிலேயே தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி இரவெல்லாம் சட்டை தைத்தார்கள். அத்தொழிற்சாலைகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதியவர்களாகிவிட்ட அத்தலைமுறையின் வருமானமும் சேர்ந்துதான் அந்தக் குறைந்த எண்ணாக நிற்கிறது. ஒருவர் படகில் வந்தார். மற்றவர் படிப்போடு வந்தார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு ஓடச் சொன்னால் அது போட்டியாகாது.

இரண்டாம் கேள்வி, எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பது. நமக்கு இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. இனத்தோடு இனத்தை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஒரே இனத்தார் வெவ்வேறு வாசல்களில் நுழைந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஜிம்பாப்வேயர் மிகப் பலராகச் சென்றது ஆஸ்திரேலியாவிற்கு அன்று. அண்டை நாடான தென்னாப்பிரிக்காவிற்குத்தான். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் அங்கே பத்து இலட்சத்திற்கும் சற்று அதிகம். லிம்போப்போ ஆற்றின் கரையில் பைட்பிரிட்ஜ் என்ற எல்லை இருக்கிறது. முறையான வழியில் வந்தோரும் உண்டு. இருளில் ஆற்றைக் கடந்து வந்தோரும் உண்டு. ஜோஹானஸ்பர்க் நகரின் மத்திய மெதடிஸ்ட் தேவாலயத்தில், படிக்கட்டிலும் தரையிலுமாக ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் இரவில் படுத்துறங்கினார்கள். அவர்களுள் ஆசிரியர்களும் இருந்தார்கள். 2008ஆம் ஆண்டு மே மாதம் அந்நியருக்கு எதிராக எழுந்த கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் வீடிழந்தனர்.

2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு ஒரு தனித் திட்டத்தின் கீழ் சுமார் இரண்டரை இலட்சம் ஜிம்பாப்வேயருக்குப் பெர்மிட் வழங்கியது. அது நல்ல காரியமே. வங்கியில் கணக்குத் திறக்க முடிந்தது. முறையான வேலையில் சேர முடிந்தது. ஆனால், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அந்தப் பெர்மிட்டைக் கொண்டு நிரந்தர வசிப்புரிமை கேட்க முடியாது என்பது நிபந்தனை. 2014லும் 2017லும் அது புதுப்பிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு, இனிப் புதுப்பிப்பதில்லை என்று அரசு அறிவித்தது. வழக்கு நடந்தது, 2023ஆம் ஆண்டு நீதிமன்றம் அம்முடிவு செல்லாது என்றது. அதன் பிறகும் குறுகிய தவணைகளாகவே நீட்டிப்பு கிடைத்து வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இருப்போமா மாட்டோமா என்று தெரியாதவனுக்கு எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்? அவன் எந்தத் தைரியத்தில் கடைக்கு முன்பணம் கட்டுவான்?

இதே ஜிம்பாப்வேயர் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,18,000 பேர். அங்கே மருத்துவமனைகளில் தாதியர் பற்றாக்குறை இருந்ததால், முதலில் வந்த தாதியருக்கு வேலை கிடைத்தது. 2002 நவம்பரில் ஜிம்பாப்வேயருக்கு விசா கட்டாயமாயிற்று. அதே ஆண்டில், புகலிடம் கேட்டு ஆறு மாதத்திற்கு மேல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்றிருந்த சலுகையும் எடுக்கப்பட்டது. பட்டம் பெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் முதியோர் இல்லங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். "எனக்குப் பிபிசியில் வேலை கிடைத்துவிட்டது" என்று அவர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம். அது வானொலி நிலையமன்று, நேயர்களே. படுக்கையில் கிடக்கும் முதியோரின் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலைக்கு அவர்களே வைத்துக்கொண்ட கேலிப் பெயர் அது. அழாமல் இருப்பதற்காகச் சிரித்துக்கொண்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. 2022ஆம் ஆண்டு பராமரிப்பு ஊழியர்களுக்கென்று பிரிட்டன் வாசலை அகலத் திறந்தபோது, மீண்டும் ஜிம்பாப்வேயர் பெருந்தொகையாகச் சென்றார்கள். 2024 மார்ச் முதல் அவ்வேலைக்கு வருவோர் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்று விதி வந்தது. 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து அவ்வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது.

ஒரே நாட்டார், ஒரே பள்ளிப் படிப்பு. ஆஸ்திரேலியாவில் ஒரு வாழ்வு, பிரிட்டனில் ஒரு வாழ்வு, தென்னாப்பிரிக்காவில் ஒரு வாழ்வு. இரத்தம் மாறவில்லை, வாசல்தான் மாறியது.

வியட்நாமியரிடமும் இதையே காண்கிறோம். அமெரிக்காவில் அவர்கள் அகதிகள் என்று சட்டப்படி ஏற்கப்பட்டார்கள். 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம், ஓராண்டில் நிரந்தர வசிப்புரிமைக்கும் ஐந்தாண்டில் குடியுரிமைக்கும் வழி செய்தது. ஆங்கில வகுப்பும், தொடக்க கால உதவித்தொகையும், பொறுப்பேற்க ஒரு தேவாலயமோ சங்கமோ குடும்பமோ கிடைத்தன. 1975ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஓர் அகதி முகாமுக்கு டிப்பி ஹெட்ரன் என்ற திரைப்பட நடிகை உதவி செய்ய வந்தார். அங்கிருந்த பெண்கள் அவருடைய நகப்பூச்சின் அழகைக் கண்டு வியந்தார்கள். அவர் தம் நக அலங்காரப் பெண்ணை அழைத்து வந்து இருபது பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்கச் செய்தார். நான்கு ஆண்டுப் பட்டம் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் 400 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வும் போதும். அதிக ஆங்கிலமும் தேவையில்லை. ஒருத்தி கற்று, தங்கைக்குக் கற்பித்து, தங்கை அண்டை வீட்டாருக்குக் கற்பித்து, இன்று அம்மாநிலத்தில் அத்தொழிலில் இருப்போரில் பெரும்பாலோர் வியட்நாமியரே. ஆரஞ்சு வட்டாரத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் சிறிய சைகோன் என்ற கடைத்தெருவே உருவாகிவிட்டது.

இனி, வேறொரு வாசல் வழியாகச் சென்ற வியட்நாமியரைப் பாருங்கள். கிழக்கு ஜெர்மனி 1980களில் அவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்களாக அழைத்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டு அங்கே சுமார் 60,000 பேர் இருந்தனர். விடுதியில் ஓர் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம். சம்பளத்தில் ஒரு பகுதி வியட்நாமிய அரசுக்குப் பிடிக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணுக்குக் கருவைக் கலைப்பது அல்லது ஊர் திரும்புவது என்ற இரண்டே வழிகள் இருந்தன. பெர்லின் சுவர் இடிந்ததும் தொழிற்சாலைகள் சரிந்தன. முதலில் வேலை போனவர்கள் இவர்களே. தெருவோரத்தில் துணியும் சிகரெட்டும் விற்றார்கள். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தையே கும்பல் தீயிட்டது. சில ஆண்டுகள் கழித்து, தங்கும் உரிமை படிப்படியாகக் கிடைத்த பிறகே பூக்கடை, காய்கறிக் கடை, உணவகம் என்று தலைநிமிர்ந்தார்கள். உரிமைச் சீட்டு வந்தது. அதன் பின்னர் கடை வந்தது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

வாசலே இல்லாமல் போனவர்களும் உண்டு. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் ஒரு குளிர்சாதன லோரிப் பெட்டிக்குள் 39 வியட்நாமியர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். பலர் இளைஞர்கள். பிழைப்புத் தேடிச் செல்லப் பெருங்கடன் பட்ட குடும்பங்கள் அவர்களுடையவை. அவர்களும் அதே இனந்தான், உழைக்கப் போனவர்கள்தாம்.

மூன்றாம் கேள்வி, ஊருக்குக் கொடுக்க வேண்டியது.

குடியேறியவன் ஈட்டுவதெல்லாம் அவனுக்கு மிஞ்சுவதில்லை. வியட்நாமியர் 1980களில் மருந்தும் துணியும் பெட்டி கட்டி உறவினருக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் அதை விற்று அரிசி வாங்கினார்கள். 1986ஆம் ஆண்டு முதல் வியட்நாம் பொருளாதாரச் சீர்திருத்தத்தில் இறங்கியது. 1994இல் அமெரிக்கா தன் வணிகத் தடையை நீக்கியது. ஊர் சீர்பட்டது. அனுப்பிய பணம் வயிற்றுப்பாட்டைத் தாண்டி வீடாகவும் தொழிலாகவும் மாறத் தொடங்கியது. இன்று ஆண்டுதோறும் ஆயிரம் கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வியட்நாமுக்குச் செல்கிறது.

ஜிம்பாப்வேயர் அனுப்புவதும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி சோளமாவு, பள்ளிக் கட்டணம், மருந்து என்று கரைந்து போகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து 'மலயிட்ஷா' எனப்படும் வண்டிக்காரர்கள், மாவு மூட்டையும் எண்ணெயும் சர்க்கரையும் சவர்க்காரமும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வீடு வீடாய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பெற்றோரின் ஓய்வூதியமும் வங்கிச் சேமிப்பும் 2008ஆம் ஆண்டோடு அழிந்துவிட்டன. 2019இல் மீண்டும் வந்த உள்நாட்டு நாணயமும் மதிப்பிழந்தது. 2024 ஏப்ரலில் வேறொரு புது நாணயம் வந்தது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போல, எவ்வளவு ஊற்றினாலும் நிறைவதில்லை. ஊற்றாமல் இருக்கவும் முடிவதில்லை; பானையின் அடியில் இருப்பவர்கள் தாயும் தந்தையும் அல்லவா?

"சிக்கனம் என்ற ஒன்று இருக்கிறதே, அதில் வேறுபாடு இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். வியட்நாமியரிடம் 'ஹுய்' என்ற பழக்கம் உண்டு. பத்து இருபது பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. கடை திறக்கவும் படகு வாங்கவும் பலருக்கு முதலாக அமைந்தது அதுவே. ஜிம்பாப்வேயரிடம் 'முகாண்டோ' என்று ஒன்று உண்டு. அதுவும் ஏறத்தாழ இப்படித்தான். நம் தோட்டத்துப் பெண்கள் பிடிக்கும் கூட்டு அல்லது சீட்டும் இதே முறைதான். சேமிக்கும் குணம் மூன்று இடத்திலும் இருக்கிறது. சேமித்ததைக் கொண்டு கடை திறக்க உரிமமும், நாளை இங்கேயே இருப்போம் என்ற உறுதியும் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்கள் உண்மை பேசும். ஆனால் முழு உண்மையையும் பேசமாட்டா. அமெரிக்காவில் வியட்நாமியக் குடும்பத்தின் நடுநிலை வருமானம் அந்நாட்டுக் குடும்பங்களின் பொது அளவை ஒட்டியே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் 6,000 வெள்ளியை ஒருவர் ஈட்டுகிறார். மற்றொரு வீட்டில் அதே 6,000 வெள்ளியைத் தந்தை, தாய், அண்ணன் மூவரும் சேர்ந்து ஈட்டி, ஏழு பேர் உண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் இரண்டும் ஒன்றே, அடுப்படியில் ஒன்றல்ல. நகப்பூச்சுக் கடையில் பத்து மணி நேரம் இரசாயன நெடியைச் சுவாசிக்கும் பெண்ணின் இருமல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு, பிரிட்டனில் பிறர் பெற்றோரைக் குளிப்பாட்டும் ஜிம்பாப்வேத் தாயின் ஏக்கமும் வருவதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஜெர்மனியில் சிகரெட் விற்றவர்களின் பிள்ளைகள், உயர்நிலைக் கல்விக்குச் செல்லும் விகிதத்தில் ஜெர்மானியப் பிள்ளைகளையே முந்தியிருக்கிறார்கள். பெற்றோரின் உழைப்பு அதற்கு ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் அப்பள்ளிகள் கட்டணமின்றித் திறந்திருந்தன என்பதும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் ஜிம்பாப்வே ஆசிரியர்கள் பலர் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறார்கள். தம் பெர்மிட் எப்போது தீரும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே கற்பிக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் ஊக்கமுள்ளவர்கள்தாம். ஊக்கம் விதை, வாசல் திறப்பது மழை. விதை இல்லாமல் பயிர் இல்லை. மழை பெய்யாத ஆண்டில் விதையைத் திட்டுகிற விவசாயியும் இல்லை.

அந்த மாணவனுக்கு நாம் விடை சொல்லிவிட்டோம், நேயர்களே. சற்றுத் தாமதமாகத்தான் சொன்னோம். மறுவாரம் அதே வகுப்பில், "அன்று நாம் சொன்னது பாதிதான். உழைப்பு இல்லாமல் உயர முடியாது என்பது மெய். உழைக்கிறவர் எல்லாரும் உயர்ந்துவிடுவார்கள் என்பது பொய். உன் அம்மா உழைக்கிறார். அவர் நுழைந்த வாசல் குறுகலானது. உனக்கு அதைவிட அகலமான வாசல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் உன்னைப் பள்ளிக்கு அனுப்புகிறார்" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தான்.

எந்த மக்களையும் அவர்கள் இன்று நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து எடைபோடாமல், எங்கிருந்து, என்ன கொண்டு, எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று கேட்கப் பழகுவோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கேட்கக் கற்றுக்கொடுப்போம். அதோடு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பள்ளிச் சான்றிதழும் முறையாக இருக்கின்றனவா என்று இன்றே ஒரு முறை பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு காகிதம் இருப்பதும் இல்லாததும் ஒரு வாழ்வையே மாற்றிவிடும் என்பதைத்தான் இவ்விரு மக்களும் நமக்குச் சொல்கிறார்கள். நம்மிடையே அந்தக் காகிதம் இல்லாத குடும்பம் இருந்தால், அருகில் உள்ள ஆசிரியரிடம் தயங்காமல் வந்து சொல்லுங்கள். உடன் வந்து அலுவலகத்தில் நிற்க நாங்கள் இருக்கிறோம்.